இடித்தால்தானே அனுமதி வேண்டும்?
உள்ளாட்சிகளுக்குச் சொந்தமான பழைய கட்டடங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் நகராட்சிக்குச் சொந்தமான, நூறாண்டைக் கடந்த கூட்ட அரங்கு ஒன்று ஓடு சரிந்து நிற்கிறது. மன்றக் கூட்டத்தில் கேட்டபோது, 'அது தொல்லியல் துறையின் பட்டியலில் இல்லை. எனவே அதைப் பாதுகாக்கும் கடமை நமக்கு இல்லை' என்று விடை வந்தது. இது சட்டப்படி சரிதானா?
– நகர்மன்ற உறுப்பினர் ஒருவர், காவிரி டெல்டாப் பகுதி

பதில்: சரியல்ல. பட்டியலில் இடம்பெறுவதும் உடைமையாக இருப்பதும் தனித்தனிச் செய்திகள். 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அறிவிக்கை வாயிலாகப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைப் பற்றியவை. மத்தியப் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. உங்கள் அரங்கு இவற்றுள் எதிலும் வரவில்லை என்றால், தொல்லியல் துறை அதற்குப் பொறுப்பேற்காது என்பது மட்டுமே பொருள். அதன் உரிமையாளரான நகராட்சியின் பொறுப்பு அதனால் சிறிதும் குறைவதில்லை. வேறு காவலர் எவரும் இல்லாமையால் அது கூடுகிறது என்றே நான் கொள்வேன்.

தொல்லியல் சட்டங்களுக்கு வெளியே நிற்கும் இத்தகைய கட்டடங்களை மனத்தில் வைத்தே 2012-இல் தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஆணையம் அமைவதற்கே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று என்பது வருத்தத்துக்குரியது. ஆயினும் 'எங்கள் பட்டியலில் இல்லை' என்ற விடைக்கு இன்று இடமில்லை. மன்றத்தில் பேசும்போது அரசமைப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவை மேற்கோள் காட்ட வேண்டாம் என்பது என் யோசனை. தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களைப் பற்றியது அப்பிரிவு. நகராட்சி அரங்குக்கு அதைச் சொன்னால் எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிடும். நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைக் கூறும் பன்னிரண்டாம் அட்டவணையில், பண்பாட்டையும் அழகியல் கூறுகளையும் வளர்த்தல் 13-ஆவது இனமாக உள்ளது. அது நேரடிக் கட்டளை அன்று. ஆனால் மன்றத் தீர்மானத்துக்குப் போதிய அடிப்படை. எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த அரங்கு நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, கடைசியாக எந்த ஆண்டில் பராமரிப்புச் செலவு செய்யப்பட்டது என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: கட்டட அனுமதி வழங்குவதும் விதிமீறலுக்கு நோட்டீஸ் அனுப்புவதும் மாநகராட்சியின் வேலை. கட்டடமே மாநகராட்சிக்குச் சொந்தமானது என்றால், அது தனக்குத்தானே நோட்டீஸ் அனுப்பிக்கொள்ளுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அனுப்பிக்கொள்ளாது. இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அன்று. இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டின் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட கட்டடத்தைப் பழுதாக விட்டுவிடும் தனியாருக்கு உள்ளாட்சி மன்றம் பழுதுபார்ப்பு அறிவிப்பு கொடுக்கலாம். அவர் இணங்காவிட்டால் கட்டடத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் நடவடிக்கை வரை செல்லலாம். அவசர வேலைகளைத் தானே செய்து செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் செய்யலாம். ஆனால் மன்றமே உரிமையாளராக இருக்கையில் இந்தக் கருவிகள் எவையும் பயன்படுவதில்லை. தன் கட்டடத்தில் மாற்றம் செய்ய மன்றம் விரும்பினால், அந்த விண்ணப்பத்தைத் தானே முடிவு செய்யாமல் அமைச்சருக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கே விதி வைத்தார்கள். உரிமையாளரும் நடுவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற கொள்கை அதில் ஓரளவு காப்பாற்றப்பட்டது.

சென்னையில் இந்த வேலையை நீதிமன்றம் தொடங்கிவைத்தது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான ஆயுள் காப்பீட்டுக் கழகம் இடிக்கத் தொடங்கியபோது, மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு தொடுத்த வழக்கில் 2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்தது. மரபுக் கட்டடங்களுக்கென ஒரு பாதுகாப்புக் குழுவை அமைக்கவும் வலியுறுத்தியது. அதையடுத்து சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் அத்தகைய குழு வந்தது. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு முன்னரே தொகுத்திருந்த, நானூறுக்கு மேற்பட்ட கட்டடங்களைக் கொண்ட பட்டியல் அதற்கு அடிப்படையாயிற்று. பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் உரிமையாளராக இருந்தது பொதுத்துறை நிறுவனம். எனினும் பொது உடைமையின் உரிமையாளர் தன் விருப்பப்படி அதை அழித்துவிட முடியாது என்பது மாநகராட்சிக்கும் பொருந்தும். மும்பையில் 1995-லேயே மரபுக் கட்டடங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. கொல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தில் மரபுக் கட்டடங்களுக்கென ஓர் அத்தியாயமே சேர்க்கப்பட்டது. ஆனால் அங்கே பாதுகாப்புக் குழு மாநகராட்சிக்குள்ளேயே இயங்குவதால், நீங்கள் சுட்டிய குறை அப்படியே நிற்கிறது.

இந்த ஏற்பாடுகள் அனைத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கட்டடத்தை இடிப்பதற்கு அனுமதி வேண்டும், மாற்றிக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும்; அது தானாக இடிந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உள்ளாட்சிகளின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு முடிவு கடப்பாரையால் வருவதில்லை. அடைபட்ட மழைநீர்க் குழாய் ஒன்றைப் பல ஆண்டுகள் எவரும் சரிசெய்யாமல் விட்டு, பிறகு 'பயன்பாட்டுக்கு ஏற்றதன்று' என்று சான்றிதழ் வாங்கி, அதன்பின் பாதுகாப்புக் கருதி இடித்தார்கள் என்ற வரிசையில்தான் அது நிகழ்கிறது. மேற்பார்வைக் குழுவிடம் விண்ணப்பம் வரும் நாளில் காப்பாற்றுவதற்கு எஞ்சியிருப்பது முகப்புச் சுவர் மட்டுமே. ஆகையால் தன் மரபுக் கட்டடங்கள் ஒவ்வொன்றின் நிலையையும் ஆண்டுதோறும் ஆய்வு செய்து, அவ்வறிக்கையை மன்றத்தின் முன் வைத்து, வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கெனத் தனித் தலைப்பில் தொகை ஒதுக்குவதை உள்ளாட்சியின் கட்டாயக் கடமையாக்க வேண்டும் என்பது என் கருத்து. அனுமதி முறையை மட்டும் இறுக்குவதால் பயன் குறைவு.

கேள்வி: எங்கள் ஊரின் பழைய நகராட்சிக் கட்டடத்துக்குச் சென்ற ஆண்டு முழுவதும் சிமென்ட் பூசி, பளபளப்பான பெயின்ட் அடித்தார்கள். இந்த ஆண்டே சுவர் ஓதம் காத்து உதிர்கிறது. பழுதுபார்த்தும் ஏன் இப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அந்த வேலையே ஓதத்துக்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய பழைய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெயிலில் வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் கெட்டியான சிமென்ட் பூச்சும், அதற்கு மேல் பிளாஸ்டிக் கலந்த எமல்ஷன் பெயின்ட்டும் ஏறும்போது, தரையிலிருந்து ஏறும் ஈரமும் கூரையிலிருந்து இறங்கும் ஈரமும் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து பூத்து, சிமென்ட்டைத் தகடு தகடாகத் தள்ளுகிறது; தள்ளும்போது மென்மையான பழைய செங்கல்லின் மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. சிமென்ட் வலுவானது என்பதே இங்கே தீமை. பூச்சானது சுவரைவிட மென்மையாக இருந்து, தான் தேய்ந்து சுவரைக் காக்க வேண்டும். சுண்ணாம்புக் காரை அதைத்தான் செய்தது.

ஓதத்தின் ஊற்று பெரும்பாலும் சுவரில் இருப்பதில்லை, மேலே இருக்கிறது. நம் ஊர்ப் பழைய அலுவலகங்கள் பலவற்றில் இருப்பது மதராஸ் டெரஸ் என்னும் கூரை. தேக்கு உத்தரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்பில் சாய்வாக நிறுத்திவைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதிப்பார்கள். நீர் வடியும் துளைகளில் சருகு அடைத்துக்கொண்டால், தேங்கும் நீர் சுவரோரமாக இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனையை இற்றுப்போகச் செய்கிறது. கீழேயிருந்து பார்ப்பவருக்கு உத்தரம் நன்றாகவே தெரியும். கெட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த ஓரடிதான். ஒழுக்கை நிறுத்துவதற்காக மேலே மேலே கான்கிரீட் கொட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பாரத்தை எண்ணி அக்கூரை கட்டப்படவில்லை. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றின் தண்டை மட்டும் வெட்டினால் அடுத்த மழையில் இரு மடங்காகத் தழைக்கும். வேரை முழுமையாக எடுத்து, அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். இவை எல்லாம் பருவமழைக்கு முன் இரண்டு ஆள் ஏறிச் செய்யக்கூடிய வேலைகள். திறப்பு விழாவுக்கு உதவாதவை என்பதால் இவற்றை எவரும் விரும்பிச் செய்வதில்லை.

உங்கள் கட்டடத்தில் இப்போது செய்யத்தக்கது, ஓதம் உள்ள பகுதியில் சிமென்ட் பூச்சைச் சுவருக்குக் காயமின்றி மெல்லப் பெயர்த்து, சுவரை ஒரு கோடைக்காவது உலரவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசி வெள்ளையடிப்பது. உலருமுன் பூசினால் இதே கதைதான் திரும்ப நடக்கும்.

கேள்வி: நான் ஒரு மாநகராட்சியில் உதவிப் பொறியாளர். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேர்ந்தெடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. குறைந்த தொகை கேட்டவருக்கே வேலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்களை மட்டும் குறை சொல்வது நியாயமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முழு நியாயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தகுதி பாராமல் குறைந்த தொகைக்கு வேலை கொடுக்கும்படி சொல்லவில்லை. தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று இரண்டு உறை முறையில் ஒப்பந்தப்புள்ளி கோர அதில் வழியுண்டு. மரபுக் கட்டடத்தில் சுண்ணாம்பு வேலை செய்து முடித்த அனுபவத்தை முதல் உறைக்கான தகுதியாக வைக்கலாம். பொதுப்பணித் துறையில் மரபுக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கென ஒரு கோட்டம் உள்ளது. 2012-இல் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மகாலை மீட்டுத் தந்த அனுபவம் அத்துறைக்கு உண்டு. அவர்களுடைய மதிப்பீட்டு முறையைக் கேட்டுப் பெறுங்கள். கட்டடத்தின் உறுதியில் ஐயம் எழுந்தால், கான்கிரீட் சட்டகக் கட்டடங்களை மட்டுமே பார்த்துப் பழகியவரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள். சுமைதாங்கும் தடித்த சுவரை அவர்கள் கணக்கில் கொள்ளும் முறையே வேறு. 'ஆயுள் முடிந்தது' என்ற முடிவு அதனாலேயே பல வேளைகளில் வந்துவிடுகிறது. இதற்கென்றே சென்னை ஐ.ஐ.டி.யில் மரபுக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கான தேசிய மையம் ஒன்று இருக்கிறது.

கேள்வி: மூர் மார்க்கெட்டைக் காப்பாற்றியிருக்க முடியுமா?
– வாசகர், புரசைவாக்கம்

பதில்: சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டி, 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தை, 1985 மே 30 அன்று தீயில் அழிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் கொல்கத்தா மாநகராட்சிக்குச் சொந்தமான, 1874-இல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட்டிலும் தீப்பிடித்தது. ஒரு பகுதி அழிந்து, அங்கே புதிய கட்டடம் எழுந்தது. ஆனால் எஞ்சிய பழைய பகுதியையும் மணிக்கூண்டையும் விட்டுவைத்தார்கள். சந்தை இன்றும் அங்கேயே நடக்கிறது. தீ எங்கும் பிடிக்கலாம். தீக்குப் பின் அந்த நிலத்தை வைத்து என்ன செய்வது என்று முன்கூட்டியே எவராவது முடிவு செய்திருந்தார்களா என்பதில்தான் இரண்டு நகரங்களும் வேறுபடுகின்றன. மூர் மார்க்கெட் நிலம் ரயில்வேக்குத் தேவைப்பட்டது என்பதும், அதற்கான பேச்சு தீக்கு முன்பே இருந்தது என்பதும் ஊரறிந்தவை. அதற்கு மேல் நான் ஊகிக்க விரும்பவில்லை.

கேள்வி: பராமரிக்கப் பணமில்லை என்றால், நீண்ட காலக் குத்தகைக்கு விட்டுவிடுவது நல்ல வழியல்லவா?
– வாசகி, மதுரை

பதில்: குத்தகை ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. சென்னை விக்டோரியா பொது அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி தன் 57 கிரவுண்டு நிலத்தைக் கிரவுண்டுக்கு எட்டணா வாடகையில் 99 ஆண்டுகளுக்கு ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்தது. கட்டடக் கலைஞர் சிசமின் வரைபடத்தில், நம்பெருமாள் செட்டி கட்டிய அந்த அரங்கில் 1897-இல் விவேகானந்தர் பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை அரங்கேற்றியது. பொது நோக்கத்துக்காக மலிவாகக் கொடுத்த நிலம் அந்த நோக்கத்துக்குப் பயன்பட்டது என்பதில் குறையில்லை. ஆனால் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் என்பது மூன்று தலைமுறை. இடையில் வாடகை மாறவில்லை, கட்டடத்தை இன்ன நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தவும் வழி தெரியவில்லை; காலம் முடிந்த பின் கட்டடத்தைத் திரும்பப் பெறவே மாநகராட்சி வழக்கு நடத்த வேண்டியிருந்தது. சிங்காரச் சென்னைத் திட்டத்தின் கீழ் 2023-இல் தொடங்கிய சீரமைப்புக்கு 30 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க நேர்ந்தது.

அதே வளாகத்துக்கு அடுத்திருக்கும் ரிப்பன் மாளிகையையும் பாருங்கள். ஹாரிஸ் வரைந்து, லோகநாத முதலியார் ஏழரை லட்சம் ரூபாயில் கட்டி முடித்து, 1913-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் அன்றுமுதல் மாநகராட்சியின் தலைமை அலுவலகமாகவே இருந்துவருகிறது. அலுவலகமாக இருப்பதால் அதற்கு வந்த தொல்லைகளும் உண்டு: தடுப்புகள், வயர்கள், குளிர்சாதனப் பெட்டிகள். ஆனால் மேயர் அமரும் அறையில் கூரை ஒழுகினால் அன்றைக்கே ஆள் வருவார். பழைய கட்டடத்துக்கு அன்றாடப் பயன்பாட்டைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை என்பதால், குத்தகைக்கு விடுவதற்கு முன் நகராட்சியே தன் அலுவல்களில் எதையாவது அங்கே நடத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். விட்டே ஆக வேண்டுமானால், காலம் குறைவாகவும், ஆண்டு ஆய்வுக்கு உரிமையாளருக்கு உரிமை உள்ளதாகவும், பராமரிப்பில் தவறினால் குத்தகை தானே முடிவதாகவும் ஒப்பந்தம் இருக்கட்டும்.

கேள்வி: பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் பழைய கட்டடத்துக்குக் கோடிகளைச் செலவிடுவது பொறுப்பான செயலா?
– வாசகர், கரூர்

பதில்: கோடிகளில் செலவிடும் நிலைக்கு அதைக் கொண்டுவந்ததுதான் பொறுப்பற்ற செயல். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம் தன் 1877-ஆம் ஆண்டு நகர மாளிகையைப் பழுதுபார்ப்பதற்காக 2018-இல் மூடியது; 30 கோடி பவுண்டைத் தாண்டிய மதிப்பீடு பின்னர் மேலும் ஏறியது, பணி முடியும் காலமும் தள்ளிப்போயிற்று. நெடுங்காலம் ஒத்திப்போட்ட வேலைகள் ஒருசேர வந்தால் செல்வமுள்ள நகரத்துக்கும் கதி இதுதான். சாக்கடைக்கு முன்னுரிமை தாருங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்காகக் கூரையில் சருகு அள்ளும் செலவை நிறுத்துவது சிக்கனம் ஆகாது.

கேள்வி: மன்றத்தில் உறுப்பினரும் அல்லாத, வழக்குத் தொடுக்க வசதியும் இல்லாத என்னைப் போன்றவர் என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் எழுதுங்கள், 30 நாளில் விடை தர வேண்டும். 'கட்டடத்தைக் காப்பாற்ற என்ன செய்கிறீர்கள்' என்று கேட்டால், 'நடவடிக்கையில் உள்ளது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சொத்துப் பதிவேட்டில் அக்கட்டடம் பற்றிய பக்கத்தின் நகல், கடைசி ஐந்தாண்டுகளில் அதற்குச் செலவிட்ட தொகையின் விவரம், உறுதித்தன்மைச் சான்றிதழ் ஏதேனும் பெறப்பட்டிருந்தால் அதன் நகல், அதை இடிப்பது பற்றி மன்றத்தில் தீர்மானம் உண்டா என்பது. 'அத்தகைய ஆவணம் ஏதும் இல்லை' என்று விடை வந்தாலும் அது பயனுள்ளதே; மரபுச் சின்னங்கள் ஆணையத்துக்கோ இன்டாக் கிளைக்கோ நீங்கள் எழுதும் கடிதத்தோடு அதை இணைக்கலாம்.

அதோடு, கட்டடத்தின் நான்கு பக்கங்களையும் கூரை விளிம்பையும் மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். விரிசல் புதியதா பழையதா, விரிகிறதா நின்றுவிட்டதா என்று பின்னாளில் பொறியாளர் கேட்கும்போது, அலுவலகக் கோப்பில் அதற்கு விடை இருப்பது அரிது.